சத்தத்தை வாங்கிக்கொண்ட பெட்டி

வால்வு ஆம்ப்ளிஃபயரை லோடு இல்லாமல், அதாவது ஸ்பீக்கர் மாதிரி ஏதாவது ஒன்றை மாட்டாமல், ஓட்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது இதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதற்கு மேல் தொழில் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் படித்தது குறைவு. பேசுவது அதைவிடக் குறைவு.

இப்போது நீங்கள் லோடு பாக்ஸ் செய்து விற்கிறீர்கள். வீட்டிலேயே கிட்டார் பதிவு செய்கிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். கோயமுத்தூரில் அதை முதலில் செய்தவர் நீங்கள்தானாமே, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். முதலில் செய்தது நானா என்று எனக்குத் தெரியாது. ஒன்று செய்தேன். அது நன்றாக வேலை செய்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதை எழுதப் போவதில்லை, அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். செய்த பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். காட்டூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. மைக்செட், ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர். அதற்குள் எல்லாம் டிரான்சிஸ்டராகிவிட்டது. மைக்செட்காரர்கள் கண்ணாடிக் குழாய் வைத்த அந்தக் காலத்து வால்வு செட்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நான் சிலதை வாங்கிப் பிரித்து, சாமான்களை அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். அதனால் வால்வு வேலை என்று யாராவது வந்தால் மற்ற கடைக்காரர்கள் என் கடைக்குக் கைகாட்டிவிடுவார்கள்.

ஸ்டீபன் அப்படித்தான் வந்தார். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். கல்யாணம், கோயில் நோம்பி, தேவாலயத் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவார். வந்தவர் கொஞ்ச நேரம் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ஏனுங்கண்ணா, ஆம்ப்ளிஃபயர் முழுசா ஓடோணும். ஆனா சத்தம் வெளிய வரக் கூடாது. முடியுங்களா?”

“சத்தம் வேண்டாமுன்னா அதை எதுக்குங்க ஓட்டறீங்க? ஆஃப் பண்ணி வெச்சர்லாமே” என்றேன்.

சிரித்தார். பிறகு விவரம் சொன்னார். அவரிடம் ஒரு வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. வெளிநாட்டுச் சாமான். போத்தனூரில் ரயில்வேயில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போகும்போது விற்றுவிட்டுப் போனது. மகன் கிட்டார் கற்றுக்கொள்கிறான் என்று ஸ்டீபனின் அப்பா மில்லில் ஓவர்டைம் பார்த்து அதை வாங்கியிருக்கிறார். சைக்கிள் கேரியரில் கட்டி, ஏறி ஓட்ட பயந்து, சிங்காநல்லூர் வரை தள்ளிக்கொண்டே வந்தாராம்.

அந்த ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முக்கால் வாசிக்கு மேல் திருப்பினால்தான் அதற்குரிய சத்தம் வரும். வால்வு சூடேறி, திணறி, அழுகிற மாதிரி ஒரு சத்தம். குறைத்து வைத்தால் சாதா ரேடியோ மாதிரி இருக்கும். ஸ்டீபன் சொந்தமாகக் கொஞ்சம் பாட்டுகள் போட்டு வைத்திருந்தார். அதைக் கேசட்டாகக் கொண்டுவர ஆசை. துபாயிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர், நாலு டிராக் பதிகிற டேப்ரிக்கார்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, அதிர்ச்சி கூடாது, அமைதியாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருப்பது லைன் வீடு. முன்னறையில் அப்பா கட்டில். பின்னறையில் ஆம்ப்ளிஃபயர். நடுவில் ஒரு சுவர்.

“தறி ஓடற ஷெட்லயே இருந்து அவருக்குக் காது மந்தம்தானுங்க. இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு அதிருமில்லீங்களா” என்றார்.

சரிதான் என்றேன். அந்தச் சிநேகிதர்தான் வெளிநாட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கருக்குப் பதிலாக அந்தப் பெட்டியை மாட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயர் தள்ளுவதை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து சின்ன சிக்னல் ஒன்றை எடுத்து டேப்புக்குக் கொடுக்கலாம். வாசிக்கிறவர் ஹெட்போனில் கேட்டுக்கொள்வார். வீட்டில் சத்தமே இருக்காது.

முதலில் வெறும் ரெசிஸ்டன்ஸ் வைத்து ஒன்று செய்தேன். சூடானது, வேலை செய்தது. ஸ்டீபன் கடையிலேயே மாட்டி வாசித்துப் பார்த்தார். வாசித்தவர் முகம் வாடிவிட்டது.

“செவுத்தப் பாத்துப் பேசற மாதிரி இருக்குதுங்கண்ணா” என்றார்.

என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை. கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். என் வயதுதான். பேர் வேண்டாம். எனக்கு வேண்டிய சோக், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அவர்தான் சுற்றித் தருவார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“ஏப்பா, ஸ்பீக்கரும் ஒரு மோட்டார்தான? நீ தள்ளுனா அதும் திருப்பித் தள்ளும். நீ என்னமோ வெந்நி காய வெக்கறவனாட்ட ஹீட்டரச் செஞ்சு வெச்சிருக்கற” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ரெசிஸ்டன்ஸ் எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி நிற்கும். ஸ்பீக்கர் அப்படி நிற்காது. கீழ்ச் சுரத்தில் ஓரிடத்தில் குதிக்கும், மேல் சுரம் போகப் போக முரண்டு பிடிக்கும். வால்வுக்கு அந்த முரண்டு வேண்டும். அவர் தடித்த கம்பியில் காயில் சுற்றித் தந்தார். பெரிய கண்டன்சர் வேண்டியிருந்தது. அதற்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தண்ணி மோட்டார் ஸ்டார்ட் ஆவதற்குப் போடுகிற கண்டன்சர் கோயமுத்தூரில் எந்தச் சந்திலும் கிடைக்கும். சிலதைச் சேர்த்துப் போட்டேன்.

ஸ்டீபன் மறுபடி வந்து வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் வாசித்தார். கடையில் கிட்டார் கம்பி தேய்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். நான் கேட்டேன். நன்றாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். மறைப்பானேன்.

வீட்டுக்குப் போய் நானே மாட்டிக் கொடுத்தேன். ஸ்டீபனையும் அவர் சம்சாரம் கிரேஸையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். டிரான்சிஸ்டர் செட்டில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது, பிடுங்கிவிட்டால்தான் பத்திரம் என்றுகூடச் சொல்வார்கள். வால்வு அதற்கு நேர் எதிர். ஓடிக்கொண்டிருக்கும்போது லோடு ஒயரை எடுத்தால், உள்ளேயிருந்து ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடுகிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய்விடும். ஸ்பீக்கருக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஆஃப் செய்ய வேண்டும். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். கிரேஸ் அதைத் திரும்ப ஒருமுறை சரியாகச் சொல்லியும் காட்டினார். கெட்டிக்காரப் பெண்.

பெரியவரிடம் சொல்லவில்லை. கட்டிலில் கிடப்பவர். காது வேறு கேட்காது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வரும்போது அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மெலிந்த ஆள். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, ரிப்பேருங்களா?”

“இல்லீங்கய்யா. நல்லா ஓடுது” என்று அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னேன்.

“ஓடுதுங்களா? அப்பறம் ஏன் ஒண்ணுமே கேக்கறதில்லீங்க?”

“உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமுன்னுதானுங்க. சத்தம் வராத மாதிரி பண்ணியிருக்குது.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படீங்களா” என்றார். கட்டில் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான் வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை முடிந்தால் கிளம்பிவிட வேண்டும், வீட்டு ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து நிற்கக் கூடாது. அது நான் வைத்திருந்த பழக்கம். நல்ல பழக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு மட்டும் நின்றிருக்கலாம்.

ஒரு மாதம் இருக்கும். ஸ்டீபன் ஆட்டோவில் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு வந்தார். கடைக்குள் வைத்தபோதே வாடை அடித்தது. கருகிய வார்னிஷ் வாடை. திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் திறந்தேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது.

“யாருங்க ஒயரை எடுத்தது?”

“அப்பாதானுங்க” என்றார்.

நடந்தது இதுதான். மத்தியானம். ஸ்டீபன் பின்னறையில் ஹெட்போன் போட்டு, வாசற்படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பதிந்துகொண்டிருந்தார். கிரேஸ் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்திருக்கிறார். எந்த ஒயர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். மகன் அதை மாட்டிக் கழற்றுவதை எத்தனையோ வருசமாகப் பார்த்தவர். பெட்டியின் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் ஒயரைக் கையில் எடுத்திருக்கிறார். மாட்டுவதற்குள் ஸ்டீபன் கிட்டார் கம்பியை ஓங்கி அடித்துவிட்டார். உள்ளே ஒரு பொறி. அவ்வளவுதான்.

ஸ்டீபன் அப்பாவைத் திட்டிவிட்டார். கடுமையாகவே திட்டியிருக்கிறார். எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லி வைத்த ஆள், எழுந்து வந்து இருந்த ஒரே நல்ல சாமானையும் கெடுத்துவிட்டாரே என்று. பெரியவருக்குப் பேச்சு கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவரைத் திரும்பக் கட்டிலில் படுக்கவைத்தபோது கிரேஸிடம் சொன்னாராம். ஸ்டீபன் அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“‘சர்ச்சுல பாடறதும் எனக்குக் கேக்கறதில்ல கண்ணு. ரேடியாவும் கேக்கறதில்ல. இவன் வாசிக்கறது ஒண்ணுதான் கேக்கும். கட்டல்ல படுத்தா முதுகுக்கே வரும். அதான் மாட்டி உட்டர்லாமுன்னு போனேன்’ அப்படீன்னாருங்க.”



சத்தம் அவருக்கு ஆகாது என்று மகன் நினைத்தார். மருமகள் நினைத்தார். நான் அதை நம்பிப் பெட்டி செய்தேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஸ்டீபன் போய்க் கேட்டிருக்கிறார். திடீர் அதிர்ச்சிதான் கூடாது, அவர் ஆசைப்பட்டுக் கேட்கிற பாட்டைக் கேட்கட்டும் என்றாராம். ஆனால் இருதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கிறது, நாள் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆகையால் வேலை இதுதான். பெரியவர் இருக்கும்போதே அந்த ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரில் பாட வேண்டும். ஸ்டீபன் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பல வருசம் முன்னால் ஆனைமலைப் பக்கம் ஒரு ஊர் நோம்பியில் மைக்செட் நின்றுபோனது. என்னைக் கூட்டிப் போனார்கள். அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டிவிட்டேன். கூத்து பாதியில் இருக்கும்போது புகைந்துபோனது. ஊர்க்காரர்கள் மைக்செட்காரரை அத்தனை பேர் முன்னால் பேசாத பேச்சுப் பேசினார்கள். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.  அன்றிலிருந்து ஒப்பேற்றுகிற வேலை செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவால் எனக்கு நல்ல பேர் வந்தது. அதை நம்பித்தான் வேலை கொடுத்தார்கள்.

கருகிய டிரான்ஸ்ஃபார்மரைக் கணபதிக்கு எடுத்துப் போனேன். சுற்றுகிறவர் பிரித்துப் பார்த்தார். சாதாரணச் சுற்று இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் தாள் வைத்து, அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றியிருந்தார்கள். பொறுமையாகச் செய்கிற வேலை. அது கோடைக்காலம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. கரண்ட் குறைவாக வருகிறது. காங்கேயம், பல்லடம் பக்கத்திலிருந்து எரிந்துபோன மோட்டார்களை வேனில் போட்டுக்கொண்டு வந்து அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தென்னை காய்கிறது, மாட்டுக்குத் தண்ணி இல்லை என்கிறார்கள். அவர்களை நிறுத்திவிட்டு என் டிரான்ஸ்ஃபார்மரை எடு என்று எப்படிச் சொல்வது. பெரியவர் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“தாமசமாகும்ப்பா” என்றார். பிறகு, “அவசரமுன்னா உன்ற அலமாரியில பழைய மைக்செட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெடக்குதல்லோ. அதுல ஒண்ணப் பாத்து மாட்டியுடு. பாடறதுக்கு அது போதும்.”

“கண்டதப் போட்டுக் குடுத்தா நம்ம பேரு என்னாகறது?”

“பேரச் சொல்றதுக்கு அந்தப் பெருசு இருக்கோணுமே” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே கிரேஸ் கடைக்கு வந்தார். மாமனாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிற வழி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெரியவர் தினமும் ஆச்சா ஆச்சா என்று கேட்கிறார் என்றார். தன்னால்தான் கெட்டது என்று அவருக்கு மனசு ஆறவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார்.

“அண்ணா, அதுவரைக்கும் ஏதாச்சும் ஒண்ணப் போட்டுத் தர முடியுங்களா? மட்டமா இருந்தாலும் பரவாயில்லீங்க. மாமாவுக்கு என்னங்க தெரியப்போவுது, சத்தம் வந்தாப் போதும்.”

எனக்குப் பின்னால் அலமாரி. அதில் மூன்றோ நாலோ கிடந்தது. ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தும். ஒரு மத்தியானத்து வேலை.

“அப்படிப் போட்டா வால்வு கெட்டுப்போயிருமுங்க. நல்லா பண்ணித் தாரேன். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்றேன்.

அது பாதி உண்மை. மாசக்கணக்கில் ஓட்டினால் கெடலாம். ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டினால் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். கிரேஸுக்குத் தெரியாது. சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அப்போது அதுதான் சரியான வேலை என்று நம்பினேன். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சோம்பலில் தப்புச் செய்தால் செய்யும்போதே நமக்குத் தெரிந்துவிடும். ஒழுங்காக வேலை செய்கிறோம் என்ற நினைப்பில் செய்கிற தப்பு அப்போது தெரியாது.

கடைசியில் ஒரு நாள் சுற்றி முடித்து வந்தது. மாட்டினேன். என் கடை ஸ்பீக்கரில் பாடியது. பலமாகப் பாடியது. ஆனால் மேல் சுரத்தில் மங்கல் இருந்தது. ஸ்டீபன் முதலில் கொண்டுவந்தபோது நான் கேட்ட சத்தம் என் காதில் இருந்தது. இது அது இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். நடுவில் வைத்த தாள் தடிமன் என்று தோன்றியது.

அன்றைக்கு என் முன்னால் இரண்டு வழி இருந்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றிச் சிங்காநல்லூர் கொண்டுபோய் மாட்டலாம். பெரியவர் கேட்கட்டும், பிறகு கழற்றி எடுத்து வந்து சரிசெய்யலாம். இல்லையென்றால் கழற்றித் திரும்பச் சுற்றக் கொடுக்கலாம்.

கழற்றினேன்.

ஸ்டீபன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் போன் உண்டு. அங்கே கூப்பிட்டு அவரை வரச் சொல்லி விவரம் சொன்னேன். வந்துவிட்டது, சத்தமும் வருகிறது, ஆனால் பழைய சத்தம் இல்லை, திருப்பி அனுப்புகிறேன் என்றேன்.  

“நீங்க சொன்னாச் சரிங்கண்ணா. அப்பாவுக்குத் தெரிஞ்ச சத்தமே வரட்டும்” என்றார்.

நான் சொன்னதால் சரி என்றார். தொழில்காரன் பேச்சை ஜனங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நாம் முடியாது என்றால் முடியாது என்று போய்விடுவார்கள். அதனால்தான் நாம் சொல்வதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கணபதியில் சுற்றுகிறவர் டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பப் பார்த்ததும் கோபப்பட்டார். பாடுகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார். பாடுகிறது என்றேன். அப்புறம் என்ன என்றார். டிரான்ஸ்ஃபார்மரை அவர் முன்னால் வைத்தேன். அவர் தோட்டத்துக்காரர் ஒருவரின் மோட்டாரைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் பிரிக்க உட்கார்ந்தார்.

அவர் பிரித்துக்கொண்டிருந்தபோதே பெரியவர் போய்விட்டார். தூக்கத்தில் போய்விட்டார் என்று மளிகைக் கடை போனிலிருந்து ஸ்டீபனின் சிநேகிதர் கூப்பிட்டுச் சொன்னார்.

அடக்கத்துக்குப் போனேன். மில்லில் கூட வேலை செய்த வயசாளிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் காதோரம் குனிந்து, கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். பாட்டுப் பாடினார்கள். ஸ்டீபன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. இந்தமுறை மங்கல் இல்லை. பழைய சத்தம் அப்படியே வந்தது. இத்தனை வருசத் தொழிலில் நான் மாட்டிக் கொடுத்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று சொல்வேன். சுற்றியவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்டீபனின் பாட்டு கேசட்டாக வந்ததா என்று கேட்பீர்கள். அடுத்த வருசம் வந்தது. பெட்டி போட்டுத்தான் பதிந்தார். கிட்டார் நன்றாக விழுந்திருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார். வைத்திருக்கிறேன். போடுவதில்லை.

அதன் பிறகு என் வேலையில் ஒன்று மாறியது. ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், இது யாருக்கு, எப்போது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். அவசரம் என்றால் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு, இது ஒப்பேற்றிய வேலை, திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சிலர் திரும்பக் கொண்டுவரவில்லை. அந்த மட்டமான வேலைகளோடுதான் என் பேர் சில ஊர்களில் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றட்டும்.

ஆம்ப்ளிஃபயரைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். நானே ஆட்டோவில் எடுத்துப் போனேன். முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டார்கள். பின்னறையில் வைத்து, பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஸ்பீக்கரில் மாட்டினேன். ஸ்டீபன் கிட்டாரை எடுத்தார். முக்கால் வாசிக்குத் திருப்பினார். வாசித்தார்.

சுவர் அதிர்ந்தது. லைன் வீட்டில் அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு பாட்டு முழுக்க வாசித்துவிட்டு நிறுத்தினார். சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

கிரேஸ் டீ கொண்டுவந்து கொடுத்தார். வாசற்படியிலேயே நின்றார்.

“நல்லா இருக்குதுங்கண்ணா” என்றார். கொஞ்சம் கழித்து, “மாமாவுக்கு மொதல்ல சுத்தி வந்ததே போதுமாயிருந்திருக்குமுங்க” என்றார்.

என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தக் குணம் கிடையாது. மனதில் இருந்ததைச் சொன்னார். ஆமாங்க என்றேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நல்ல வேலை செய்யுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்து முடிக்கும்வரை அந்த ஆள் இருப்பாரா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். என்னிடம் நான் கேட்காமலே சொன்னார்கள்.